சந்துக்கு ஒரு சங்கம்

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கூட்டுறவு என்றவுடனே நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருவன நூலும் சாயமும், விதையும் உரமும், கடனும் தவணையுமேயாகும். சாக்கடைக்கும் கூட்டுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். குழித்தறியில் அமர்ந்து நெய்பவர்கள் மட்டும் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஐப்பசி அடைமழையில் தெருச் சாக்கடை பொங்கி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், மிதிபலகை நீரில் மூழ்கிவிடும். குழி காய்கிறவரையில் பாவு கிடந்த கிடையாகக் கிடக்கும். அந்நாட்களின் கூலி போனது போனதுதான். ஆகவே இம்மாதம் நம் பத்திரிகையில் சாக்கடையைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நான் சொல்லப்போவது கராச்சி நகரத்தில் நடந்தது. அந்நகரின் வடமேற்கு ஓரத்தில், மரமற்ற குன்றுகளின் அடிவாரத்தில், ஓரங்கி என்னும் பெருங்குடியிருப்பு ஒன்று உண்டு. 1965-ஆம் ஆண்டு வாக்கில் சர்க்கார் அங்கே ஓரளவு நிலத்தை மனையாகப் பிரித்துக் கொடுத்தது. மற்றதெல்லாம் ஜனங்கள் தாமாகவே வந்து குடியேறியது. இந்தியப் பிரிவினையின் விளைவாக முன்பே கராச்சி வந்து சேர்ந்தவர்கள், 1971-இல் வங்கதேசம் தனி நாடானபின் அங்கிருந்து வந்த பீஹாரிக் குடும்பங்கள், பிழைப்புத் தேடி மலைநாட்டிலிருந்து இறங்கிய பட்டாணியர், பஞ்சாபியர் என்று பல திறத்தினரும் அங்கே அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டனர். நெசவாளர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஓரங்கியின் ஒரு பகுதிக்குப் பனாரஸ் காலனி என்றே பெயர். காசியைப் பூர்விகமாகக் கொண்ட பட்டு நெசவுக் குடும்பங்கள் அங்கே தறி போட்டு, காசியின் பெயராலேயே ஜரிகைத் துணி நெய்து விற்றன. 1980-களில் ஓரங்கியின் ஜனத்தொகை பத்து லட்சம் அளவுக்குப் பெருகிவிட்டதாகச் சொல்லப்பட்டது. பல ஜில்லாத் தலைநகரங்களை ஒன்றாகச் சேர்த்தாலும் அவ்வளவு ஜனம் இராது.

இவ்வளவு பெரிய ஊர் எப்படி உண்டாயிற்று? தரகர்களால் உண்டாயிற்று. அவர்கள் சர்க்கார் நிலத்தை அளந்து, கயிறு பிடித்து, நேர்நேரான சந்துகளாக வகுத்து, ஏழைகளுக்கு மனை மனையாக விற்றார்கள். போலீசாருக்கும் சிப்பந்திகளுக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தார்கள். லாரியில் தண்ணீர் வரவழைத்தார்கள். இதற்கு அடுத்தபடியாகத் 'தல்லா' என்னும் கற்பட்டறைக்காரன் வந்தான். அவன் சிமெண்டுக் கற்களை அச்சில் வார்த்துக் கடனுக்குக் கொடுப்பான். கூரைத் தகடும் கொடுப்பான். கொத்தனார் வேலையும் அவனே பார்ப்பான். தவணையாகப் பணம் வரும். நூலைக் கடனுக்குக் கொடுத்துப் புடவையை வாங்கிக்கொள்ளும் பெரிய நெசவு முதலாளியை நாம் எவ்வாறு திட்டிக்கொண்டே நாடிச் செல்கிறோமோ, அவ்வாறே ஓரங்கி ஜனங்கள் தல்லாக்காரனை நாடினார்கள். அவன் தரக்குறைவான கல்லைக் கொடுத்தான் என்பது உண்மை. அவனைத் தவிர வேறு எவரும் அவர்களுக்குக் கல் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

வீடு வந்தது, சந்து வந்தது. சாக்கடை வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் எடுப்புக் கழிப்பிடம் இருந்தது. சிலவற்றில் உறிஞ்சு குழி இருந்தது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சந்தின் நடுவே தேங்கின. குழந்தைகள் அதிலேயே விளையாடின. சுவரின் அடிப்பாகம் ஈரம் ஏறி உதிர்ந்தது. இதை மேலும் வருணிக்கத் தேவையில்லை. நம்மில் பலர் இதைக் கண்ணால் கண்டவர்கள்.

இவ்வூருக்கு 1980-ஆம் ஆண்டில் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் அக்தர் ஹமீத் கான். கூட்டுறவு இலாகாவில் பணிபுரிபவர்கள் அறிந்திருக்கவேண்டிய பெயர் இது. நான் பயிற்சி நிலையத்தில் படித்தபோது இவரைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்கு வரும் என்று நெட்டுருச் செய்தேனேயன்றி அதன் பொருளை அப்போது நான் உணரவில்லை. ஆக்ராவில் 1914-இல் பிறந்த அவர், ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்து வங்காளத்தில் பணியாற்றினார். 1943-ஆம் வருஷத்துப் பஞ்சத்தை நேரில் கண்டார். அதற்குப் பின் அந்த உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டு, அலிகர் அருகே ஒரு கிராமத்தில் கூலிக்காரராகவும் பூட்டுச் செய்பவராகவும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்து பார்த்தார். பிறகு கிழக்கு வங்காளத்துக் கொமில்லாவில் கல்லூரி முதல்வராக இருந்தார். 1959-இல் அங்கே நிறுவப்பட்ட கிராம அபிவிருத்திக் கலாசாலைக்குத் தலைவரானார்.

கொமில்லாவில் அவர் செய்தது சுத்தக் கூட்டுறவு வேலையே. கிராமத்துக்கு ஒரு விவசாயச் சங்கம். அவற்றுக்கெல்லாம் மேலே தாணா அளவில் ஒரு மத்தியச் சங்கம். வாரந்தோறும் கூட்டம், வாரந்தோறும் சேமிப்பு. சங்கத்து நிர்வாகி வாரந்தோறும் கலாசாலைக்கு வந்து பாடம் கேட்டுத் திரும்பிப்போய்த் தன் கிராமத்தாருக்குச் சொல்லவேண்டும். ஜெர்மனியின் ராய்ஃபீசன் வகுத்த வழியைத்தான் அவர் பின்பற்றினார். நமக்கும் அந்த வழி பழக்கமானதே. சென்னை மாகாணத்துச் சர்க்காரின் ஏவலால் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் வெளியிட்ட அறிக்கைகள் அந்த ராய்ஃபீசன் முறையையே சிபாரிசு செய்தன. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு அவை வழிகோலின. ஆகவே கானும் நாமும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது. 1963-இல் அவருக்கு மகசேசே பரிசு கிடைத்தது.

ஆனால் கொமில்லாவின் பிற்பகுதியையும் சொல்லிவிடவேண்டும். ஒரு தாணாவில் கண்ணும் கருத்துமாக நடந்த முறையை 1970-களில் வங்கதேசம் முழுவதற்கும் அவசரமாகப் பரப்பினார்கள். வசதி படைத்த பெரிய விவசாயிகள் சங்கங்களுக்குள் புகுந்து பதவிகளைப் பிடித்துக்கொண்டார்கள். கடன் அவர்களுக்கே போயிற்று, திரும்பி வரவில்லை. சிறு விவசாயி பெயரளவில் அங்கத்தினனாக நின்றான். இந்த வீழ்ச்சியைக் கானே பின்னாளில் மறைக்காமல் எழுதினார். பேரேடும் முத்திரையும் துணைவிதியும் சரியாக இருந்தும் சங்கம் உள்ளுக்குள் செத்துக் கிடப்பதை ஓர் இன்ஸ்பெக்டர் அறியாதவர் அல்லர். நானும் அத்தகைய சங்கங்களைத் தணிக்கை செய்து 'ஏ' வகுப்பு கொடுத்திருக்கிறேன்.

ஓரங்கிக்கு வந்த கான் முதல் சில மாதங்கள் எதையும் கட்டவில்லை. நடந்தார், கேட்டார். பண உதவி, ஆகா ஹசன் அபேதி என்பவர் தொடங்கிய ஒரு பன்னாட்டு வங்கியின் தரும நிதியிலிருந்து வந்தது. (அவ்வங்கி 1991-இல் மோசடிப் புகார்களுக்கிடையே பல நாடுகளிலும் இழுத்து மூடப்பட்டது. நல்ல காரியத்துக்கு வந்த பணம் எல்லாம் நல்ல இடத்திலிருந்தே வந்ததாகக் கொள்ளவேண்டாம்.) 'ஓரங்கி முன்னோடித் திட்டம்' என்பது பெயர். எது உங்களுக்குப் பெரிய கஷ்டம் என்று கேட்டபோது ஜனங்கள் கழிவுநீரையே சொன்னார்கள். அதை யார் செய்யவேண்டும் என்று கேட்டபோது, சர்க்கார் இனாமாகச் செய்து தரவேண்டும் என்றார்கள். சர்க்கார் செய்யுமா என்று கேட்டபோது மௌனமாக இருந்தார்கள்.

ஜனங்கள் தாமே செய்துகொள்வதற்கு நான்கு தடைகள் இருப்பதாகக் கான் கண்டார். இது நம் வேலை அல்ல என்னும் எண்ணம் ஒன்று. ஒரு சந்திலே பல ஜாதி, பல பாஷைக்காரர் இருப்பதால் ஒன்றுகூடும் வழக்கமின்மை மற்றொன்று. பணம் போதாமை மூன்றாவது. வேலை தெரியாமை நான்காவது. இந்நான்கில் மூன்றாவதே எல்லாவற்றையும் கட்டிப் போட்டிருந்தது. அதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகாரிகளின் மதிப்பீட்டின்படி ஒரு வீட்டுக்குச் சாக்கடை வசதி செய்யப் பிடிக்கும் தொகையை ஓரங்கித் தொழிலாளி ஆயுள் முழுவதும் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க இயலாது. அந்த மதிப்பீட்டைத் திட்டத்தார் பிரித்துப் பார்த்தார்கள். சிமெண்டும் மணலும் கூலியும் ஒரு பங்கு. அதற்குமேல் காண்டிராக்டரின் லாபம். லாபத்துக்குமேல் கொடுக்கல் வாங்கல். அதற்குமேல் மேற்பார்வைச் செலவு. கடன் பணமாயின் வட்டி, வெளிநாட்டு நிபுணரின் சம்பளம். இவையன்றி வேலையின் அளவே தேவைக்கு மிஞ்சியதாக இருந்தது. லாரி ஓடும் பெருவீதிக்கு வகுத்த அதே கனத்தில், அதே ஆழத்தில், ஒரு கைவண்டி மட்டுமே நுழையும் சந்துக்கும் ஆள் இறங்கு குழி கட்டவேண்டும் என்று விதி இருந்தது. விதியைப் படித்தவர் எவரும் சந்தை அளந்து பார்க்கவில்லை போலும்.

திட்டத்தார் குழியின் வடிவத்தைச் சுருக்கினார்கள். இரும்புத் தகட்டில் அச்சுச் செய்து, குழி தோண்டிய இடத்திலேயே கான்கிரீட்டை வார்க்க வழி கண்டார்கள், மூடிக்கும் அச்சு. அச்சை இரவலாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக் கழிப்பிடத்துக்கும் சந்துக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு தொட்டியை வைத்தார்கள். கெட்டிக் கழிவு அதிலேயே தங்கி, நீர் மாத்திரம் குழாய்க்குச் செல்லும். ஆகவே குழாய் அடைபடுவது குறையும். காண்டிராக்டர் என்ற ஆளே இல்லை. சந்துக்காரர்கள் தாமே தோண்டினார்கள், அல்லது தாமே கூலிக்கு ஆள் அமர்த்தினார்கள். இவ்வாறு செய்ததில், வீட்டுக் கழிப்பிடம், சந்துக் குழாய், அதற்கடுத்த பெரிய குழாயில் ஒரு பங்கு ஆகிய எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு அந்நாளைய பாகிஸ்தான் நாணயத்தில் சுமார் ரூ. 1,000 ஆயிற்று. ஆயிரம் ரூபாய் ஏழைக்குப் பெரிய தொகைதான். ஆனால் அது எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை.

இனிச் சங்கத்துக்கு வருவோம். ஓரங்கியில் சங்கம் என்பது சந்துதான். இருபது முதல் நாற்பது வரை வீடுகள். எதிரும் புதிருமாக வாசல்கள். முதலில் திட்டத்து ஊழியர்கள் சந்திலே கூட்டம் கூட்டிப் படம் காட்டி விளக்குவார்கள். சம்மதமானால் சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரை நிர்வாகியாகத் தெரிந்தெடுத்து, அவர் மூலமாகத் திட்டத்துக்கு விண்ணப்பம் செய்யவேண்டும். அதன் பிறகே ஓவர்சியர் வருவார், கருவி வைத்து மட்டம் பார்ப்பார், படம் போடுவார், இத்தனை மூட்டை சிமெண்டு, இத்தனை அடி குழாய், வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதிக் கொடுப்பார். வசூல் செய்வது நிர்வாகியின் வேலை. பணம் நிர்வாகியிடம் இருக்கும். திட்டத்தார் அந்தப் பணத்தைக் கையால் தொடுவதில்லை என்று உறுதியாக இருந்தார்கள். சண்டை வந்தால் அதைத் தீர்த்துவைக்கவும் அவர்கள் போவதில்லை. தகராறு தீர்ந்தபின் வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

இதைப் படித்தபோது என் உத்தியோக மனம் திடுக்கிட்டது. பதிவு இல்லை; துணைவிதி இல்லை; பங்குத்தொகை இல்லை; ஆண்டு மகாசபை இல்லை; தணிக்கையும் இல்லை. ஒரு தனி மனிதர் கையில் முப்பது வீட்டுப் பணம்! நம் சங்கங்களில் இப்படி நடந்தால் முதல் ஆளாக நானே சர்சார்ஜ் நடவடிக்கைக்கு எழுதுவேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். மூட்டை இறங்குவதை முப்பது வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று எண்ணுகிறார்கள். வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது; வேலை முடிந்ததும் கையில் பணம் மிஞ்சுவதில்லை. நிர்வாகியின் வீட்டுக் கழிவும் அதே குழாயில்தான் போகவேண்டும். நான் வருஷத்துக்கு ஒருமுறை போய், மூன்று நாள் தங்கி, பழைய வவுச்சர்களைப் புரட்டிக் கண்டுபிடிப்பதைவிட அந்தப் பெண்கள் அதிகமாகவே கண்டுபிடிப்பார்கள். நம் தணிக்கை முறை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பல்லாயிரம் அங்கத்தினரும் கோடிக்கணக்கில் வரவுசெலவும் உள்ள சங்கத்தை வாசலில் நின்று எண்ண முடியாது. ஆனால் எண்ண முடிகிற அளவுக்குச் சிறியதாக ஒரு காரியத்தை வகுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றாமலே இருந்தது.

எல்லாம் முதல் நாளே சரியாக நடந்துவிடவில்லை. முதலில் வார்த்த கான்கிரீட்டு பல இடங்களில் நொறுங்கிப்போயிற்று. மணலும் சிமெண்டும் கலக்கும் விகிதம் ஜனங்களுக்குத் தெரியவில்லை. வார்த்தபின் பல நாள் தண்ணீர் விட்டு நனைக்கவேண்டும் என்பதும் தெரியவில்லை. ஆரிஃப் ஹசன் என்னும் கட்டடக்கலை நிபுணர் ஆலோசகராக வந்தபின், வேலையைப் படிப்படியாக விளக்கும் துண்டுப் பிரசுரங்களும் செய்முறைப் பயிற்சியும் ஏற்பட்டன. வாட்டம் தவறிய குழாய்களைத் தோண்டித் திரும்பப் போட்ட சந்துகளும் உண்டு. பணம் கொடுக்க மறுத்த வீடுகள் இருந்தன. அவர்களுக்காக அக்கம்பக்கத்தார் கொடுத்து முடித்ததும் உண்டு, அவர்களாலேயே வேலை நின்றுபோனதும் உண்டு.

மற்றொரு சிக்கலும் இருந்தது. சந்துக் குழாயின் நீர் எங்கே போய் விழும்? ஓரங்கி குன்றடிவாரமாதலால் இயற்கையான ஓடைகள் உண்டு. அவற்றை 'நாலா' என்பார்கள். ஆகவே ஓடைக்கு அருகில் இருந்த சந்துகளே முதலில் முன்வந்தன. உள்ளே தள்ளியிருந்த சந்துகள் ஓடையை எட்டவேண்டுமானால் மற்றவர் சந்துகளைக் கடந்து பெரிய குழாய் போடவேண்டும். அதற்குப் பல சந்துகள் ஒன்றுகூடவேண்டியிருந்தது. கீழ்ச் சந்தார் மேற்சந்தாரின் கழிவை ஏற்கச் சம்மதிக்கவேண்டும். வாய்க்கால் பாசனத்தில் கடைமடைக்காரருக்கும் தலைமடைக்காரருக்கும் உள்ள வழக்கை அறிந்த நம் விவசாயிகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அங்கே வழக்குத் தலைகீழ். தலைமடைக்காரர் அனுப்புவது கடைமடைக்காரருக்கு வேண்டாத நீர்.

நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சந்துகளும் ஒரு லட்சம் வீடுகளும் கொண்ட ஓரங்கியில் மிகப் பெரும்பாலான வீடுகள் இவ்வாறு சாக்கடை பெற்றுவிட்டன. ஜனங்கள் தம் கைப்பணமாக எட்டுக் கோடி ரூபாய் அளவில் செலவிட்டிருந்தார்கள். ஃபைசலாபாதிலும் லோத்ரானிலும் பிறரும் இம்முறையை மேற்கொண்டனர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். வரி வாங்கும் சர்க்கார் செய்யவேண்டியதை ஏழையின் தலையில் கட்டுவது நியாயமா? பணக்காரர் வீதியில் குழாய் போட எவரும் வீட்டுக்கு வீடு வசூல் செய்வதில்லையே! இந்த ஆட்சேபத்தை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். கானும் ஒதுக்கவில்லை. அவரும் அவருடைய சகாக்களும் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டுக் கழிப்பிடம், சந்துக் குழாய், அக்கம்பக்கத்துப் பெருங்குழாய் ஆகியவை உட்பகுதி, அது ஜனங்களுடையது. நகரத்தின் பிரதானக் கால்வாயும் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையமும் வெளிப்பகுதி, அது சர்க்காருடையது. எந்தச் சந்துக்காரரும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. உட்பகுதியை நாங்கள் முடித்துவிட்டோம், உங்கள் பாதி எங்கே என்று கேட்கும் உரிமை அப்போதுதான் அவர்களுக்குப் பலமாகக் கிடைத்தது. வெறும் மனுவாக இருந்தது வரவுசெலவுக் கணக்காக மாறிற்று.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். தணிக்கை முடிந்து புறப்படும் சமயத்தில் முதியவர் ஒருவர் வந்து நின்றார். "ஐயா, எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. சாக்கடைக்கென்று ஒரு சங்கம் பதிவு செய்து கொடுப்பீர்களா? வீட்டுக்கு இவ்வளவென்று போட்டு நாங்களே கட்டிக்கொள்கிறோம்" என்றார். நான் சிரித்தேன். "பெரியவரே, அதற்கெல்லாம் சங்கம் கிடையாது. அது நகராட்சியின் வேலை, மனு எழுதிக் கொடுங்கள்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மனு எழுதி எழுதி என் பேரனுக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அதை நல்ல வேடிக்கைப் பேச்சு என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தோம். ஓரங்கியைப் பற்றிப் படித்த இரவில் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஓரங்கியின் கதையில் மிக முக்கியமான சாமான் சிமெண்டு அன்று, படம். சந்து சந்தாக மட்டம் பார்த்து ஓவர்சியர்களும் கல்லூரி மாணவர்களும் போட்ட படங்கள் சேர்ந்து சேர்ந்து, எந்த நீர் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பது முழு ஊருக்கும் தெளிவாயிற்று. இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்னும் அம்மையார். 1957-இல் டாக்காவில் பிறந்து, 1971-க்குப் பின் குடும்பத்துடன் கராச்சிக்கு வந்தவர். கட்டடக்கலையில் பட்டம் பெற்ற சிறிது காலத்துக்குள் கானிடம் வந்து சேர்ந்தார். 1999-இல் கான் காலமானார். அம்மையார் திட்டத்தின் ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

படம் என்ன செய்யும்? கராச்சியின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போதிய கழிவு வந்து சேரவில்லை. ஏனெனில் உண்மையில் கழிவெல்லாம் ஓடைகள் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரிகளின் படத்தில் ஓடைகள் மழைநீருக்கு மட்டுமே உரியவை. திட்டத்தாரின் படத்தில் அவை இருந்தபடி இருந்தன. கொரங்கி என்னும் பகுதிக்கென்று ஆசிய வளர்ச்சி வங்கியின் பெருங்கடனில் ஒரு கழிவுநீர்த் திட்டம் வகுத்தபோது, ஓரங்கித் திட்டத்தாரும் நகரத்தின் பிற பொதுநல ஊழியர்களும், ஏற்கெனவே உள்ள குழாய்களையும் ஓடைகளையும் பயன்படுத்தினால் மிகக் குறைந்த செலவில் முடியும் என்று படத்துடன் வாதாடினார்கள். 1999-இல் சிந்து மாகாண அரசு அந்தக் கடனை வேண்டாம் என்று கைவிட்டது. கடனை மறுத்த சர்க்காரைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுவதில்லை.

பிறகு அம்மையார் சாக்கடையை விட்டு வேறு படங்களும் போடலானார். நகரத்துக் குழாயிலிருந்து தண்ணீரைத் திருடி லாரியில் ஏற்றி விற்கும் இடங்களைப் படத்தில் குறித்தார். நகர எல்லையில் நெடுங்காலமாக இருந்த 'கோட்' என்னும் கிராமங்களை நில வியாபாரிகள் விழுங்கிக்கொண்டிருந்தபோது, அவற்றின் எல்லையையும் வீடுகளையும் அளந்து ஆவணமாக்கினார். அந்த ஆவணங்களின் பலத்தில் நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குச் சர்க்காரின் அங்கீகாரம் கிடைத்தது. சாக்கடைப் படத்தால் நஷ்டப்பட்டவர் காண்டிராக்டர். நிலப்படத்தால் நஷ்டப்பட்டவர்கள் வேறு வகையினர். 2013 மார்ச் 13-ஆம் தேதி மாலை, அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், காரில் வைத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாளே போலீசார் ஒருவனைச் சுட்டு வீழ்த்தி, அவனே கொலையாளி என்றார்கள். பின்னர் நடந்த நீதி விசாரணையில் புலனாய்வு பழுதுபட்டது என்று வெளிப்பட்டது. 2021 டிசம்பரில் கீழ்க்கோர்ட்டு ஐவரைத் தண்டித்தது. 2022 நவம்பரில் ஹைகோர்ட்டு அத்தண்டனையை ரத்துச் செய்தது. ஒரு மனையின் நீள அகலத்தைத் தாளில் எழுதுவது எத்தனை பேருக்குப் பிடிக்காத காரியம் என்பது, நத்தம் நில அளவையின்போது உடன் போன நம் கணக்கர்களுக்குத் தெரியும். ஆயினும் இந்த அளவுக்கு என்று நாம் நினைத்திருக்கமாட்டோம்.

ஓரங்கியின் உட்பகுதி முடிந்ததே தவிர, வெளிப்பகுதி முடியவில்லை. ஜனங்கள் போட்ட குழாய்களின் நீர் ஓடைகளில் விழுந்து, லியாரி ஆற்றின் வழியாகச் சுத்திகரிக்கப்படாமலேயே அரபிக்கடலில் பெரும்பகுதி கலந்துகொண்டிருந்தது. சந்து சுத்தமாயிற்று, கடல் அழுக்காயிற்று என்று ஒருவர் குறை சொன்னால் மறுக்க முடியாது. 2020 ஆகஸ்டில் கராச்சியில் பெருமழை பெய்து வெள்ளம் புகுந்தது. ஓடைகளின் கரைகளில் உள்ள வீடுகளே காரணம் என்று சொல்லி, 2021-இல் குஜ்ஜர் நாலா, ஓரங்கி நாலா ஆகியவற்றின் ஓரமாக ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். இடிபட்டவற்றில் குத்தகைப் பத்திரம் உள்ள வீடுகளும் இருந்தன. ஓடையில் குப்பை கொட்டி அடைத்தது யார், பல ஆண்டுகளாகத் தூர் எடுக்காதது யார் என்னும் கேள்விகள் எழுந்தன; வீடுகள் அதற்குள் போய்விட்டன. சர்க்கார் தன் பாதியைச் செய்யாதிருந்தால், ஜனங்கள் செய்த பாதியும் தண்டனைக்கு உள்ளாகும் என்பதை நான் கடைசியாகத்தான் புரிந்துகொண்டேன். முதலில் படித்தபோது எனக்கு இது வெறும் சுயஉதவிக் கதையாகவே பட்டிருந்தது.

சென்ற மாதம் அந்த நெசவாளர் தெருவுக்கு மறுபடியும் போகும்படி நேர்ந்தது. முதியவர் காலமாகிவிட்டார். பேரன் இருக்கிறான், சொந்தத் தறி வைத்திருக்கிறான். ஓரங்கியைப் பற்றி அவனிடம் சொன்னேன். இருவருமாக ஒரு கொத்தனாரை அழைத்து, ரசமட்டமும் நூலும் வைத்துத் தெருவின் தலைப்பிலிருந்து ஊர்க் கால்வாய் வரையில் வாட்டம் பார்த்தோம். போதிய வாட்டம் இருக்கிறது என்று கொத்தனார் சொன்னார். வீடுகள் இப்போது முப்பத்தேழு. இருபத்தொன்பது பேர் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். எட்டுப் பேர் யோசிக்கிறார்கள், அவர்களில் ஒருவர் தெருவின் கடைசி வீட்டுக்காரர். பொதுத் தெருவைத் தோண்டுவதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். அந்த மனுவை இம்முறை நானே எழுதிக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.